குணசேகரம் அண்ணையின் காஞ்சோண்டிப் பற்றை

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அலோசியஸ் அவர்களே, முதல் வரிசையில் இருக்கும் குணசேகரம் அண்ணையின் மனைவி பவளம் அக்கா, மகள் மிதுசா, மண்டபம் நிறைந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

நகரசபைப் பூங்காப் பிரிவில் குணசேகரம் அண்ணையோடு இருபத்தாறு வருடம் புல்லு வெட்டிய சிறீதரன் நான். புகழ்ந்து பேசத்தான் அழைத்தீர்கள். அருவருப்போடு நிற்கிறேன். அதை மறைத்துப் பேச என்னால் ஏலாது.

ட்ராம் பாதையோரங்களை வருடத்துக்கு எட்டுத்தரம் மொட்டை அடித்தோம். இரண்டுதரம் போதும், அதையும் பாதி பாதியாக வெட்டுவோம், மற்றப் பாதியில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் பிழைக்கட்டும் என்று மேலதிகாரியிடம் போய் நின்றவர் யார்? குணசேகரம் அண்ணை. ஒன்பது வருடம் விடாமல் விண்ணப்பம் எழுதியவர் யார்? குணசேகரம் அண்ணை. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாய் வந்திறங்கியவர்களின் ஜெர்மன் மொழி எப்படியென்று உங்களுக்குத் தெரியும். அந்த ஜெர்மனில்தான் எழுதினார். இன்று பதினொரு வீதியோரங்களில் பூ நிற்கிறது.

அவருக்கு எதிராக முறைப்பாடு போட்டவர்கள் யார்? நாங்கள். இந்த மண்டபத்துக்குப் பின்னால் அவர் வெட்டாமல் விட்டுவைத்த, தொட்டால் சொறிகிற காஞ்சோண்டிப் பற்றை எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணை, மயிர்க்கொட்டி ஊருது. ஆக்கள் என்ன நினைப்பினம்? வெட்டிவிடுங்கோ" என்றார் தலைவர்.

"இப்ப ஏலாது. அதுகள் சாப்பிட்டுக்கொண்டிருக்குதுகள். ஓகஸ்டிலை வந்து வெட்டுறன்" என்றார் அண்ணை. இறக்கையில் மயில்கண் போட்ட வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது காஞ்சோண்டியில்தான். அதன் புழுக்கள்தான் அந்த மயிர்க்கொட்டிகள். ஓகஸ்ட்டுக்கு அவர் இல்லை. இரண்டு கிழமைக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார்.

நேற்று நாங்கள் என்ன செய்தோம்? சிரமதானம். அண்ணைக்கு மரியாதை செய்ய இடத்தைத் துப்புரவாக்குகிறோம் என்று முப்பது பேர் கூடி, பற்றையை அடியோடு வெட்டி, அதே இடத்தில் அவர் படம் போட்ட பதாகையைக் கட்டி, வடை சாப்பிட்டுக் கலைந்தோம். புல்லு வெட்டும் மெஷின் இருந்த அறைச் சாவியைக் கொடுத்தவன் நான். எதற்கென்று கேட்கவில்லை.

மேடையில் அண்ணையின் படத்துக்குப் போட்ட மாலையைப் பாருங்கள். அதுவும் பிளாஸ்டிக்.

இன்று காலை பவளம் அக்கா வெட்டிய குவியலுக்குள் முழங்காலில் இருந்து தேடினார். கை இரண்டும் தடித்துச் சிவந்திருக்கிறது. அவர் மடியில் இருப்பது அண்ணை வேலைக்குக் கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டி. பலகாரம் என்று நினைத்துச் சற்றுமுன் ஒருவர் கை நீட்டினார். உள்ளே இருப்பது பதினேழு மயிர்க்கொட்டி. மிச்சம் அவ்வளவுதான்.

புதன்கிழமை நகரசபை ஆட்களைச் சந்திக்க டெர்மின் இருக்கிறது. இந்தப் பற்றையை நிரந்தரமாக விடலாமா என்று பார்க்க வருகிறார்கள். அண்ணையின் கடைசி விண்ணப்பம் அது. நான் போவேன். வெட்டியவர்கள் நாங்கள்தான் என்று சொல்வேன். திரும்ப முளைக்கும், காவல் நாங்கள் என்று கையெழுத்து வைப்பேன். தலைவர் என்னோடு வருவாரா என்பதை அவரே சொல்லட்டும்.

மௌன அஞ்சலிக்கு யாரும் இங்கே எழுந்து நிற்க வேண்டாம். வாகனத் தரிப்பிட வேலியோரம் இன்னும் நாலு காஞ்சோண்டிச் செடி நிற்கிறது. பதினேழையும் அங்கே எங்கள் கையால் விடுவோம். கையுறை கிடையாது.

அக்கா, பெட்டியோடு முன்னால நடவுங்கோ. நாங்கள் பின்னால வாறம்.