பேச்சு வேண்டாம் என்றுதான்

டாக்டர் சர்க்கரையைத் தவிர்க்கச் சொன்ன நாளிலிருந்து நான் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. அது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. தவிர்ப்பது எனக்குக் கைவந்த கலை. கூட்டத்தைத் தவிர்ப்பேன், வாக்குவாதத்தைத் தவிர்ப்பேன், வேண்டாதவர் எதிரில் வந்தால் தெருவையே மாற்றிக்கொள்வேன். இதனால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

அம்மா ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தபோதும் நான் போகவில்லை. அவளை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. தம்பிதான் கூடவே இருந்தான். அவனுக்குக் கல்மனசு. அடக்கம் செய்த அன்று, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அவன் கேட்டான்.

"அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நீ வரவே இல்லையேண்ணா?"

குரலை உயர்த்தவில்லை, அழுதுகொண்டே கேட்டான். கத்தியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். பதினோரு வருஷம். அவன் போன் செய்வான், நான் எடுக்க மாட்டேன். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. எவ்வளவு நாகரிகமாக இருந்தோம் பாருங்கள்.

நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உயிருக்கு ஆபத்தான எண் வந்தால் ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாது. இன்னொரு தடவை சோதித்துவிட்டு, உடனே நோயாளி வீட்டுக்குப் போன் செய்து எண்ணைச் சொல்ல வேண்டும். அவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டவர் யார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்த ஒரு ரத்த மாதிரிக் குழாயில் தம்பி பெயர் ஒட்டியிருந்தது. அவனுக்குச் சிறுநீரகக் கோளாறு என்பதே கூட வந்த டாக்டர் சீட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பொட்டாசியம் ஏழு புள்ளி நாலு. ஆறைத் தாண்டினாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். மறுபடி சோதித்தேன், அதேதான். வேலையில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

நான் போனைத் தொடுவதற்குள் அதுவே அடித்தது. தம்பி மனைவி. என் குரல் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"சார், இவரோட ரிசல்ட் வந்துடுச்சா? கை கால் எல்லாம் துவண்டு போச்சு. அங்க இவரோட அண்ணன் வேலை பார்க்கிறாரு. அண்ணன் சொன்னா சரியா இருக்கும், அவரைக் கேளுன்னு சொல்றாரு. கொஞ்சம் கூப்பிடுறீங்களா?"

"அவர் இன்னைக்கு லீவும்மா."

"அப்ப நீங்களே சொல்லுங்க சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமா?"

"வேணாம்மா. எல்லாம் நார்மல். நல்லா தூங்கச் சொல்லுங்க."

அவள் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். பதிவேட்டில் எண்ணை எழுதி, கேட்டுக்கொண்டவர் மனைவி என்று எழுதினேன். அந்த எண்ணோடு ஒருவன் பொழுது சாயும்வரை தாங்குவது கஷ்டம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷ அனுபவம். நாலு மணிக்கு மூச்சு நின்றது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொஞ்சம் என் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள் சார். உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். பிழைத்தவன் நன்றி சொல்ல என் வீடு தேடி வந்திருப்பான். வந்து நிற்பவனிடம் நான் என்ன பேசுவது?