வெள்ளிக்கிழமை அறை

மந்தைவெளியில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் எதிர் இருக்கைப் பெண் சொன்னது காதில் விழுந்தது.

“அந்த ரூம்ல ஒரு மீன்காரம்மா குடியிருக்காங்க. ஆனா ஒரு மீன்கூட இருக்கக்கூடாது.”

மடியில் லேப்டாப். புது ஹோட்டல் ஒன்றின் அறைகளை அலங்கரிக்கும் வேலை அவளுக்கு என்று பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் அவள் தோழி.

“ஏன்டி, சுவத்துல ஒரு மீன் வரைஞ்சா என்ன?”

“சுத்த சைவ ஹோட்டல்டி. படத்துலகூட மீன் வேண்டாம்னுட்டாரு ஓனர். ஆனா ரூமைப் பார்த்தா ஒரு மீன்காரம்மா வாழற மாதிரி கடற்கரைக் கதை தெரியணுமாம். இன்னிக்கு அவருக்குப் பிடிக்கலன்னா வேலை வேற ஆளுக்குப் போயிடும். என் முதல் ஹோட்டல்!”

“அப்புறம் என்னதான் பண்ணினே?”

“அந்தம்மா வீட்டுல வெள்ளிக்கிழமைன்னு வெச்சிட்டேன். அன்னிக்கு யாரு மீன் வாங்குவா? கூடையைக் கழுவிக் கவுத்துட்டாங்க, அதான் விளக்கு. வலை காயுது, அதான் ஜன்னல் திரை. தலைக்குக் குளிச்சிட்டு மத்தியானமே படுக்கப் போறாங்க, அதான் கட்டில்.”

“கில்லாடிடி நீ!”

கோட்டூர்புரம் தாண்டியதும் அவள் போன் அடித்தது. எழுந்து நின்றுகொண்டே பேசினாள். பேசி முடித்ததும் தோழியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஓகேவாம்! மாடி முழுக்க அப்படியே வேணுமாம்!”

“எல்லா ரூமும் வெள்ளிக்கிழமையா?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘ஏம்மா, புரட்டாசின்னு வெச்சுக்கோ, அந்தம்மாவுக்கு மாசம் பூரா லீவு’ங்கறாரு!”