வேப்பிலைப் புகை

பெர்மாஸ் ஜெயா நிறுத்தத்தில் நான் ஏறிய பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“புகைதான் அவங்க வீட்டுது, அக்கா. இலை நம்ம வீட்டுது.”

“என்னடி சொல்ற?”

“பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, அந்த மக்சிக், சாயங்காலமானா குப்பையக் கொளுத்துறாங்கன்னு நகராட்சி மஜ்லிஸ் ஆபீஸ்ல கம்ப்ளேன் பண்ணேன்ல? ஆபீசர் வந்து பார்த்தாரு. குவியல் முழுக்க எங்க வேப்பிலை. கிளை அவங்க பக்கம்தான் சாஞ்சிருக்கு லா.”

“அலமாக்! அவங்க வெட்டச் சொல்லியிருக்கலாமே?”

“ஆபீசரும் அதையேதான் கேட்டாரு. மரத்துல நான் கட்டியிருந்த மஞ்சத் துணியக் காட்டி, ‘அது அவங்க சாமி மரம், எப்படி வெட்டச் சொல்றது’ன்னாங்க மக்சிக். நான் பக்கத்துலயே நிக்கிறேன்.”



“நீ என்ன சொன்ன?”

“அவங்க முகத்தப் பாக்காம உள்ள போயிட்டேன். இப்ப அவங்க கொளுத்துறதில்ல, இலையக் கூட்டி மூட்டையில கட்டி வெக்கிறாங்க. தொடப்பச் சத்தம் கேட்டாலே நான் எந்திரிச்சுப் போயி ஜன்னலச் சாத்திடுறேன். புகையே இல்லக்கா. இருந்தாலும் சாத்துறேன்.”