காலியான டப்பாவும் ஆறாத புண்ணும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர், எங்கள் தலைமை மருத்துவர் அவர்களே! இருபத்தெட்டு நாள் பொறுத்த பெரியோர்களே! மாத்திரை வேளைக்கு மணி பார்த்த தாய்மார்களே! வணக்கம்.

முன்சிறுகுடல் புண்ணுக்கு இரண்டு மருந்துகள். ஒன்று, அமிலம் சுரக்கும் வாயிலை அடைக்கும். மற்றொன்று, சுரக்கச் சொல்லும் சேதியைத் தடுக்கும். எது நன்றாக ஆற்றுகிறது? உங்கள் அறுபது பேருக்கும் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தோம். முடிவை அறிவிக்கவே மருந்தாளுநரான என்னை மேடையேற்றினார்கள். தாள் கையில் இருக்கிறது. ஆனால் படிக்கப்போவதில்லை.

ஏன்?

அறுபது பேரில் ஒருவர் பேருந்து ஓட்டுநர். இன்னொருவர் அவருடைய மச்சான், தையல்காரர். ஒரே வீடு, ஒரே நோய், வேறு வேறு மருந்து. நாலாம் நாளே ஓட்டுநருக்கு வலி நின்றது. தையல்காரருக்கு நிற்கவில்லை.

“எனக்குத்தான் சரியாப் போச்சே மச்சான். என்னோடதையும் நீயே போட்டுக்க.”

“டாக்டர் திட்டுவாரு.”

“அவரு என்ன, வயித்துக்குள்ள வந்தா பாக்கப்போறாரு?”

சிரிக்கிறீர்கள். பார்க்கத்தான் ஐயா, வாய்வழியே வயிற்றுக்குள் விடும் குழாயோடு கடைசி நாளில் காத்திருந்தார்! ஓட்டுநர்தான் “வலியே இல்லீங்க” என்று நழுவினார். என்னிடம் காலி டப்பாவைக் காட்டினார். முதுகில் தட்டிக்கொடுத்தேன். ‘முறையாக உண்டார், ஆறிவிட்டது’ என்று எழுதினேன்.

வலி நின்றது. புண் ஆறியதா? டப்பா காலியானது. அவர் வயிற்றுக்குள் போனதா?

நேற்றுக் காலை, பேருந்தைக் கிளப்பும் முன், இருக்கையிலேயே இரத்தமாக வாந்தி எடுத்தார். இப்போது இதே மருத்துவமனையின் மேல்மாடியில் அவருக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் அழுதபடி சொன்னவர், தையல்காரர்.

ஆகவே, எது சிறந்த மருந்து? தெரியாது! யார் வயிற்றில் எது போனது என்றே தெரியாமல் எதோடு எதை ஒப்பிடுவது? எனக்குத் தெரியவேண்டியது இதுதான். மாத்திரையைக் கொடுத்தவர் யார்? வாங்கியவர் யார்? வலி நின்றதும் நிறுத்தியவர் யார்? திட்டமாட்டோம். கை தூக்குங்கள்.

ஒருவருமில்லையா?

அதோ, ஒரு கை. நன்றி அம்மா. பக்கத்தில் வீட்டுக்காரரா? “நீங்களும் தூக்குங்க” என்று இடிக்கிறீர்களே! நன்றி ஐயா. நான்கு. ஏழு. பின்வரிசையில்... பதினொன்று.

தலைவர் அவர்களே, குழாய் அறையைத் திறக்கச் சொல்லுங்கள். கை தூக்கியவர்கள் வெளியே வைத்திருக்கும் தேநீரைத் தொட வேண்டாம். வெறும் வயிற்றில்தான் பார்க்க முடியும்.

உண்மை சொன்ன பதினொரு கைகளுக்கும் நன்றி. தூக்க நினைத்தும் மடியிலேயே கிடக்கும் கைகளுக்கு, கெஞ்சலோடு என் வணக்கம்.