மூன்றாம் வளைவில் இடித்தது பற்றி

நல்ல எதிராளி கிடைப்பது நல்ல மாப்பிள்ளை கிடைப்பதைவிடக் கஷ்டம். மாப்பிள்ளையைப் பற்றியாவது நாலு பேரிடம் விசாரிக்கலாம். கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிறவனைப் பற்றி யாரிடம் போய் விசாரிப்பது?

நடுவர்களே, நீங்கள் என்னிடம் கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. இறுதிப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், மூன்றாம் வளைவில், 'நத்தை' என்ற பெயரில் ஓட்டுபவனின் காரை நான் வேண்டுமென்றே இடித்தேனா? இல்லை. என் பதில் அவ்வளவுதான். ஆனால் வெறும் 'இல்லை'யை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பீர்கள். காரணம் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உங்கள் மூவரில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தவர், பழைய நடுவரின் மைத்துனர் என்று கேள்வி. அவருக்கும் புரிகிற மாதிரியே சொல்கிறேன்.

என்னை உங்களுக்கு 'ஊசி' என்று தெரியும். ஆண் என்று நினைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் மைக்கைப் போட்டுத் திருத்தியதில்லை. நான் ஒரு தையல்காரி. வீட்டிலேயே இருந்து துணி பிடித்துக் கொடுக்கிறவள், நீளம் குறைக்கிறவள், ஜிப் மாற்றுகிறவள். இந்தக் கட்டடத்தில் யாருக்கு இடுப்பு பெருத்தது, யார் புது வேலை என்று சொல்லிக் கோட்டு தைத்துவிட்டு இன்னும் வீட்டில் இருக்கிறார், எல்லாம் எனக்கு வந்து சேரும். நானாகப் போய்க் கேட்பதில்லை. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு முட்டி போட்டிருப்பவளிடம் மனிதர்கள் தாமாகவே கொட்டிவிடுகிறார்கள். பதில் பேசமாட்டாள் என்ற தைரியம்தான்.

கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஸ்டியரிங்கும் பெடல்களும் என் மகனுடையவை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனபோது விட்டுவிட்டுப் போனான். புது மருமகள் வீட்டில் அதற்கு இடமில்லை என்றாளாம். எனக்கும் இல்லை என்றுதான் தோன்றியது, அது வேறு விஷயம். ஒரு நாள் சும்மா துடைக்கப் போய் உட்கார்ந்தேன். தையல் மெஷின் மோட்டாரை மிதித்து மிதித்துப் பழகிய கால், நூல் அறுபடாமல் வேகம் கூட்டத் தெரிந்த கால். இரண்டே மாதத்தில் உங்கள் பந்தயத்தில் முதல் பத்துக்குள் வந்தேன். உங்கள் மூவரில் ஒருவர்கூட அந்தப் பக்கம் வந்ததில்லை என்பதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை.

ஸ்டாக் கார் என்றால் முட்டை வடிவத் தடம், எடையான கார்கள், இடது பக்கம் மட்டுமே திருப்பம். ஒரே இடத்தைச் சுற்றி வருவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குடும்பம் நடத்திப் பார்க்காதவர்கள். எல்லாம் எதிராளியைப் பொறுத்தது. எனக்கு வாய்த்தவர்களைப் பாருங்கள். ஒருவன் முதல் வளைவிலேயே எல்லோரையும் அள்ளிக்கொண்டு சுவரில் போய்விடுவான். ஒருவன் தோற்கப்போகிறான் என்றால் இணையம் போய்விட்டது என்பான். இன்னொருவன் வாயைத் திறந்தால் சாக்கடை. இப்படி ஒரு வருஷம் தேடிய பிறகுதான் நத்தை கிடைத்தான்.

எங்களுக்குள் 'ஒட்டு' அமைந்தது. புதியவருக்காகச் சொல்கிறேன்: இரண்டு கார்கள் மூக்கும் வாலும் தொட்டுக்கொண்டு ஓடினால், தனியாக ஓடுவதைவிட இரண்டுக்குமே வேகம் கூடும். பின்னால் இருப்பவர் தள்ளுவார், முன்னால் இருப்பவர் காற்றைக் கிழிப்பார். கடைசி வளைவு வரை ஒருவருக்கொருவர் துணை, அதற்குப் பிறகு அவரவர் சாமர்த்தியம். ஆனால் முன்னால் போகிறவன் வேகத்தைக் குறைக்கும் அதே கணத்தில் பின்னால் வருபவரும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடிதான். நம் வண்டிகளுக்குப் பிரேக் விளக்கும் கிடையாது. ஆகவே ஒட்டுப் போடுவதற்கு நம்பிக்கை வேண்டும். நத்தையை ஒட்டியே நான் இரண்டு பருவம் ஓட்டினேன். ஒரு கீறல் விழுந்ததில்லை.

"ஊசி அண்ணே, என் மனசப் படிச்ச மாதிரி ஓட்டுறீங்க" என்பான் மைக்கில்.

படித்தது மனதை அல்ல. மேற்கூரையை.

மூன்றாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. நத்தை பிரேக் மிதிக்கும் போதெல்லாம் என் தலைக்கு மேலே 'டொக்' என்று ஒரு சத்தம். திரையில் அவன் கார் மெதுவாவதற்கு ஒரு கண்ணிமைப்பு முன்னால். நத்தை என் மாடி வீட்டுக்காரன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். மாடிப்படியில் பார்த்தால் "அக்கா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவான், அன்று மாலையே ஸ்பீக்கரில் "அண்ணே, ரெடியா?" என்பான். ஒரே ஆளுக்கு அக்காவாகவும் அண்ணனாகவும் இருக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நான் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் அவன் சத்தம் வராமல் காலைப் பார்த்து வைத்திருப்பான். காதால் கேட்டு ஓட்டக்கூடாது என்று உங்கள் விதியில் எங்கும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

பிறகு 'வாத்து' வந்தது. மஞ்சள் நிறக் கார். நேராகப் போகிற தடத்தில்கூடச் சுழன்று நிற்கும். அதே வாரத்தில் மேலே இரண்டாவது ஜோடிக் கால் பெடல் மிதிப்பது கேட்க ஆரம்பித்தது. அந்தக் காலுக்குத் தாளமே கிடையாது. வாத்து அவன் மனைவி. பல் டாக்டரிடம் வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை, சிரித்த முகம். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு பொழுதுபோக்கு வைத்துக்கொள்வது நல்லதுதான். நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த மாதப் பந்தயத்தில், முடிய இரண்டு சுற்று இருக்கும்போது, நானும் நத்தையும் முன்னணியில் ஒட்டில் இருந்தோம். சட்டென்று அவன் வாலை விலக்கிக்கொண்டு கீழ்த்தடத்தில் இறங்கினான், வாத்தின் பின்னால் போய் ஒட்டினான். மேல்தடத்தில் நான் தனியாக நின்றேன். தள்ள ஆளில்லை, இழுக்க ஆளில்லை, ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். வாத்து மூன்றாவதாக வந்தது. மேலே இரண்டு ஜோடிக் காலும் குதித்த குதியில் என் மேசையில் இருந்த பட்டன் டப்பா அதிர்ந்தது.

"சாரி அண்ணே" என்றான். சிரிப்பு அடங்கவில்லை. "வீட்ல சோறு கெடைக்கணும்ல?"

'பரவாயில்லை தம்பி' என்று கீபோர்டில் தட்டினேன். பரவாயில்லை என்று தட்டுவதற்குப் பத்து விரலும் வேண்டியிருக்கிறது என்று அன்றுதான் கவனித்தேன்.

இப்போது பாக்கெட் விஷயம். தைக்க வரும் துணிகளின் பாக்கெட்டில் என்ன கிடந்தாலும் ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, துணியோடு ஊக்குக் குத்தித் திருப்பித் தருவது என் வழக்கம். பேருந்துச் சீட்டு, பாதி மாத்திரை, பல் குத்தும் குச்சி, எதுவானாலும். ஒரு முறை மோதிரம் கிடைத்து அதையும் தந்தேன். அதிலிருந்து என் உறையில் இருப்பதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. மாடி வீட்டுக்காரி தன் கணவனின் பேன்ட்டை இடுப்புத் தளர்த்தக் கொண்டுவந்தாள். என் பட்டன் டப்பாவில் ஒரு ஜோடிக் கம்மல் வெகுநாளாகக் கிடந்தது. பச்சைக்கல், மலிவானது. கோட்டைத் தைக்கக் கொடுத்துவிட்டு, திரும்பி வாங்காமல் ஊரை விட்டே போன ஒரு வாடிக்கையாளருடையது. அதில் ஒன்றை உறையில் போட்டேன்.

மறுநாளே கீழே வந்தாள். சிரித்த முகம் இல்லை.

"அக்கா, இது இவரு பேன்ட்லயா இருந்துச்சு?"

"பின்பாக்கெட்ல, கண்ணு. உன்னோடதுன்னு நெனச்சேன்."

"என்னோடது இல்ல."

"அப்போ துணி கிணி மாறியிருக்கும்."

என் கையில் துணி மாறியதே இல்லை என்பது அவளுக்கும் தெரியும். தண்ணீர் கொடுத்தேன். அந்த வாரக் கடைசியில் இரண்டு பெட்டியோடு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உறையில் இருந்தபோது அது பின்பாக்கெட்டோடு ஊக்குக் குத்தித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதம் போல் ஒரு பந்தயக் காலம் எனக்கு அமைந்ததில்லை. வாத்து இல்லை. தலைக்கு மேலே ஒரே ஜோடிக் கால், ஒரே தாளம். நாங்கள் ஒட்டுப் போட்டால் மற்றவர்கள் வழி விட்டார்கள். ஓட்டி முடித்ததும் அவன் பேசிக்கொண்டிருப்பான்.

"யாரோட கம்மல்னே தெரியலண்ணே. சத்தியமா தெரியல. எங்கம்மாகூட நம்பமாட்டேங்குறாங்க."

'நான் நம்புகிறேன் தம்பி' என்று தட்டினேன்.

"நீங்க ஒருத்தர்தாண்ணே."

உண்மைதான். நம்புவதற்கான ஆதாரம் என் ஒருத்தியிடம்தானே இருந்தது?

ஒரு நாள் வாசலுக்கே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. சட்டையில் பட்டன் இல்லாமல் இருந்ததால் நிற்க வைத்தே தைத்துக் கொடுத்தேன். "அக்கா, நீங்க கொஞ்சம் அவகிட்ட பேசிப் பாருங்களேன். நீங்க சொன்னா கேப்பா" என்றான். "குடும்ப விஷயத்துல நான் தலையிடறதில்லப்பா" என்றேன். இந்தக் கட்டடத்தில் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள், ஆனால் அந்தக் கொள்கையிலிருந்து நான் மாறியதில்லை.

எனக்குத் துரோகம் நடந்தது இதற்குப் பிறகுதான். இறுதிப் பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால் மைக்கில் வந்தான். குரலே வேறு மாதிரி இருந்தது.

"அண்ணே, அவ வர்றா. ஒத்துக்கிட்டேன்."

'எதை?'

"தப்புப் பண்ணிட்டேன்னு. உண்மையச் சொன்னாத்தான் வருவேன்னா. கடைக்கு வந்த ஒரு பொண்ணுன்னு ஒரு கதை கட்டிட்டேன். அழுதா, அடிச்சா, அப்புறம் சரின்னுட்டா. இந்த ரேஸோட எல்லாத்தையும் வித்துடணுமாம். வித்துடுறேன்னு சொல்லிட்டேன்."

நடுவர்களே, இவனை உலகத்தில் நம்பிய ஒரே ஆள் நான். இவன் எந்தத் தப்பும் செய்யாதவன் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் கட்டிய மனைவியின் முகத்தைப் பார்த்து ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறான். அதுவும் எதற்கு? ஸ்டியரிங்கை விற்பதற்கு. இரண்டு வருஷம் ஒரு பொய்யனோடு ஒட்டுப் போட்டிருக்கிறோமே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.

பந்தயத்தன்று மதியம் அவள் கீழே வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் அன்னிக்கு அத எடுத்துக் குடுக்கலன்னா நான் ஏமாளியாவே இருந்திருப்பேன்க்கா. இப்பவாவது வாயத் தொறந்து உண்மையச் சொன்னாரே."

"எல்லாம் நல்லதுக்குத்தான், கண்ணு."

"இன்னிக்குக் கடைசியா ஒண்ணு ஓட்டுறாராம். தொலையட்டும்னு விட்டுட்டேன். இத்தன நாளா அந்தக் கால் சத்தத்தோட எப்படிக்கா இருந்தீங்க? நான் கெட்டியா ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டுட்டேன். இனிமே உங்களுக்கு ஒரு சத்தமும் வராது."

"அதெல்லாம் எதுக்கும்மா? எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல, எடுத்துடு."

"சும்மா இருங்கக்கா. உங்களுக்கு நாங்க இதுகூடச் செய்யக்கூடாதா?"

மூன்று முறை சொன்னேன். கேட்கவில்லை. நல்ல மனசு வந்துவிட்டால் சிலரைத் தடுக்கவே முடியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வந்துவிட்டேன். கடைசிச் சுற்று. முன்னால் நத்தை, ஒட்டில் நான். மூன்றாம் வளைவில் அவன் பிரேக் மிதித்தான். மிதித்தது எனக்குக் கேட்கவில்லை. அவன் கார் சுழன்று சுவரில் போய் நசுங்கியது, நான் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினேன். சத்தம் வராது என்று தெரிந்த அன்று கொஞ்சம் விலகி ஓட்டியிருக்கலாமே என்று புதியவர் கேட்கக்கூடும். கடைசிப் பந்தயம் ஐயா. கடைசிப் பந்தயத்தில் யார் விலகி ஓட்டுவார்கள்?

கோப்பையை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். என் பெயரையே நீக்கப்போவதாகவும் பேச்சு அடிபடுகிறது. நீக்கிவிட்டால் இன்னொரு எதிராளியைத் தேட எனக்கு இடமே இருக்காது, ஆனாலும் அதுகூடப் பெரிதில்லை. புகார் கொடுத்தது நத்தை. 'ஊசி என்னை வேண்டுமென்றே இடித்தார், இவரை நான் அண்ணனாக நினைத்திருந்தேன்' என்று எழுதியிருக்கிறான். மனைவி போனபோது துணை நின்றவளை, அம்மாவே நம்பாதபோது நம்பியவளை, வேண்டுமென்றே இடித்தாள் என்கிறான். அதைப் படித்த அன்று எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

இத்தனை வருஷத்தில் நான் ஒருவரைக்கூட வேண்டுமென்று இடித்ததில்லை. அந்தப் பெயரைத்தான் திருப்பிக் கேட்கிறேன். அதற்காகத்தான் சொல்லத் தேவையில்லாததை எல்லாம் சொன்னேன்: நான் கீழ்வீட்டில் இருப்பதை, காதால் ஓட்டியதை, விரிப்பு எப்படி வந்தது என்பதை. ஆதாரம் வேண்டுமென்றால் கம்மலின் இன்னொன்று பட்டன் டப்பாவிலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

விளக்கத்தைப் புகார் கொடுத்தவருக்கும் காட்டுவது உங்கள் வழக்கம் என்று தெரியும். தாராளமாகக் காட்டுங்கள். படிக்கும்போது அவன் மனைவி பக்கத்தில் இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் மேல் அவனுக்கு இருக்கிற ஒரே சந்தேகம் அதோடு தீர்ந்துவிடும்.