அடிக்கடி வாங்க

— நேத்து சாயங்காலம் பிடிச்ச அழுகைய இன்னுமா விடல? கண்ணத் தொடைச்சுக்க தங்கபாய். கடைக்குப் பேண்டேஜ் துணி வாங்க வாரவன், மொதலாளி பொண்டாட்டிய அடிச்சுட்டான்னுல்லா நெனைப்பான்.

— நெனைக்கட்டும். எல்லாம் ஒங்களாலதான்.

— என்னாலயா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில நீ வாயத் தொறந்ததுக்கு, ராஜபாளையத்துல கல்லாவுல கெடந்தவனா பொறுப்பு? அப்படி என்னதான் சொல்லித் தொலைச்ச?

— 'போயிட்டு வாங்க'ன்னு சொன்னேன்.

— அதுல என்னட்டி தப்பு? மரியாதையான பேச்சுதான?

— இஞ்ச பாருங்க, சொன்னது டிஸ்சார்ஜ் ஆயிப் போறவியகிட்ட! புண்ணு ஆறி வீட்டுக்குப் போற ஒரு ஆச்சிய வாசல் வரைக்கும் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தேன். செருப்ப எடுத்துப் போட்டேன். சிரிச்ச மொகத்தோட, 'போயிட்டு வாங்க ஆச்சி, அடிக்கடி வாங்க'ன்னுட்டேன்.

— அடிக்கடியுமா!

— நாக்குல அதானே வருது? கல்யாணமாயி வந்த மறுநாளே கல்லாப் பக்கத்துல உக்கார வச்சு என்ன சொல்லிக் குடுத்திய? 'சரக்கு எடுத்தாலும் எடுக்காட்டாலும், போயிட்டு வாங்க, அடிக்கடி வாங்கன்னு சொல்லாம ஒருத்தரையும் படியெறக்காத'ன்னு. நாகர்கோவில்ல நர்சு படிக்கையில எங்க சிஸ்டர் தலபாடா அடிச்சுக்கிட்டாவ, 'ஒடம்பப் பாத்துக்கிடுங்க'ன்னு மட்டும் சொல்லி அனுப்பணும்னு. படிச்சது அம்புட்டையும் ஒங்க கடை அழிச்சுப்போட்டுது.

— இரு, இரு, மொறைக்காத. சிரிக்கல. இருமல். ஆச்சி என்ன சொன்னாக?

— 'நான் மறுபடியும் காலு அழுகி வந்து படுக்கணுமாடி? எம்மேல ஒனக்கு எம்புட்டு ஆசை!'ன்னு ஆரம்பிச்சாவ. தெருவே கூடிட்டு. டாக்டரம்மா எட்டிப் பாத்தாவ. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு உள்ள போயிட்டாவ.

— ஒரு நாள் வேலை பாத்துக் காட்டு, பொறவு சொல்லுதேன்னுதான கூப்புட்டாக?

— அந்த ஒரு நாள்லதான் இந்தக் கூத்து. இந்த ஊருல நான் ஏறி எறங்காத ஆஸ்பத்திரி உண்டா? ஒரு எடத்துல வெளியூரு, ஆள் தெரியாதுன்னாவ. இன்னொரு எடத்துல, புதுப்பொண்ணு, சேந்த கையோட பிரசவ லீவு கேப்பன்னாவ. இது கெடச்ச மாதிரிதான்னு அப்பாவுக்கு டிரங்க் கால் வேற போட்டுச் சொல்லிட்டேன். நான் கட்டுத்துணி விக்கவா படிச்சேன்? கட்டுப்போடப் படிச்சேங்க.

— அது எனக்குத் தெரியாதா? நீ துணி மடிக்கையிலயே பாக்கேன்ல, கை எவன் காலையோ தேடுது.

— கேலி பண்ணாதீங்க.

— கேலி இல்லட்டி. யாவாரத்துல சிக்கல்னா நான் என்ன செய்வேன்? நேரா ஆளப் போயிப் பாப்பேன். நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் பஸ் ஏறுவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்குனதும் நல்ல பால்கோவாவா ஒரு கிலோ...

— சுகர்க்காரிக்குப் பால்கோவாவா? அந்தப் புண்ணே சுகர்ல வந்ததுதாங்க!

— சரி, கொய்யாப்பழம். குடுத்துட்டு ஆச்சி கால்ல விழுந்துருவோம். மொத நான் விழுதேன். தொந்தியோட ஒருத்தன் விழுந்தா எவளுக்கும் மனசு எறங்கிரும்.

— ஒங்களுக்கு என்ன தலையெழுத்து?

— நீ கல்லாவுல இருந்தா எனக்கு லாபந்தான். ஆனா மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு இருந்தா அந்த லாபம் எனக்கு எதுக்கு? ஏட்டி, வாசல்ல ஆளு. வாங்கம்மா, வாங்க! எத்தன மீட்டர் எடுக்கட்டும்?

— துணி கெடக்கட்டும். பேண்டேஜ் கடை ஐயாதுரை மொதலாளி நீங்கதான? நான் பரிபூரணம், டாக்டரம்மா ஆஸ்பத்திரி ஆயா. செட்டியார்பட்டி பஸ்ஸுக்குப் போற வழியில ஒரு சேதி சொல்லிட்டுப் போகச் சொன்னாக. ஏத்தா நர்சம்மா, நேத்து நீ யாரப் பாத்து அந்த வார்த்தையச் சொன்னன்னு தெரியுமா?

— யாரோ ஒரு ஆச்சி...

— சேசுவே! ஊருக்குப் புதுசு, ஒனக்கு எங்க தெரியும்? அவுக டாக்டரம்மாவோட சொந்த மாமியா!

— போச்சு. கல்லாப்பெட்டிச் சாவிய நீயே வச்சுக்க தங்கபாய்.

— மொதலாளி, செத்த நேரம் மூச்சு விட விடுங்க. ஆஸ்பத்திரி தொறந்த நாள்லருந்து டாக்டரம்மா நாற்காலிய ஒட்டி மாமியாளுக்கு ஒரு நாற்காலி. 'இதுக்கெல்லாம் எதுக்கு ஊசி, கசாயம் வச்சுக் குடி'ம்பாக. 'ஒனக்குத் தலைவலி இல்லட்டி, ஒம் புருசன் சரியில்ல'ம்பாக. வைத்தியம் அம்புட்டும் அவுகதான். டாக்டரம்மா மாத்திரைப் பேர எழுதிக் குடுக்கிறதோட சரி. இப்பக் காலுல புண்ணு வந்து கட்டில்ல கெடந்தாக பாரு, அங்கருந்தும் அதே அதிகாரம்.

— அக்கா, நேத்து பொறவு என்ன ஆச்சு? அதச் சொல்லுங்க.

— என்ன ஆச்சா? 'வெளங்காத வாயி உள்ள ஆஸ்பத்திரி, இனி உசுரு போனாலும் அந்தப் படிய மிதிக்க மாட்டேன்'னு கோயில் கோபுரத்தப் பாத்துச் சத்தியம் பண்ணிட்டாகத்தா!

— ஆண்டவரே! அக்கா, தெரியாம நடந்துபோச்சு. நாங்க நாளைக்கே அவிய வீட்டுக்குப் போயி, கால்ல விழுந்து மன்னிப்பு...

— அடிப்பாவி, அந்தக் காரியத்த மட்டும் செஞ்சிராத! அதச் சொல்லத்தான என்னைய வெரட்டிவிட்டாக? நாளையிலருந்து நீ வேலைக்கு வரணுமாம். மன்னிப்புக் கேட்டியோ, அன்னைக்கே வேல போச்சாம்!