மீனுக்குக் குடும்பம்

கிடங்கு வேலை பறிபோன அன்று எடிசன் ஊருக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். அருகே ஓர் இருக்கையில் இரண்டு தமிழர்கள். இளையவர் சொன்னார்: "அண்ணா, நாளைக்கு மீன் கொழம்பு கிடையாது. மீனுக்குக் குடும்பம் இருந்துச்சு."

பெரியவர் பையை மடியில் இறக்கினார். "சமைக்கத் தெரியலன்னு சொல்லுடா. தூண்டில்ல எதைப் போட்ட?"

"நீங்க குடுத்த ரப்பர் நண்டுதான். ஓடையில முட்டளவு தண்ணியில நின்னு, கல்லு இடுக்குல மெதுவா இழுத்தேன். பாஸ்ங்கற இந்த ஊரு ஆத்து மீன், பாய்ஞ்சு கடிச்சுது."

"ஆண் மீனா இருக்கும். பொண்ணு முட்டை போட்டுட்டுப் போயிடும், காவலுக்கு இவன்தான். பசிச்சுக் கடிக்கிறதில்ல, கோவம்."

"ஆமாண்ணா. அதைக் கையில தூக்கினதுமே சின்ன மீனெல்லாம் முட்டையத் தின்ன வந்துடுச்சு."

"அய்யோ!"

"சட்டுனு விட்டுட்டேன். வாயெல்லாம் ரத்தம். தப்பிச்சா போதும்னு ஓடிடும்னு நெனச்சேன். ஓடலண்ணா. நேரா முட்டைகிட்ட போய் ஒவ்வொண்ணா வெரட்டுச்சு."

"அடேங்கப்பா."

"எல்லாத்தையும் வெரட்டிட்டு, திரும்பி வந்து என் காலை முட்டுச்சு."

"உன்னையா? நீ என்ன பண்ணின?"

"கரையேறிட்டேன்."